ஜெயித்தால்தான் கழற்றலாம்

என் புருஷன் கிளேபேர் ஒரு முட்டாள். கோபத்தில் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம், கல்யாணமான வருஷத்திலிருந்தே ஊரறியச் சொல்லிவருகிறேன். ஆனால் அந்த முட்டாள்தனம் எங்கே கொண்டுபோய் விடும் என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை. இப்போதும் எண்ணெய்ச் சட்டி முன்னால் உட்கார்ந்தால் காயைப் போட மறந்துவிடுகிறேன். நடந்தது நிஜமாகவே நடந்ததா என்று பக்கத்தில் இருப்பவர்களைக் கேட்கிறேன். அவர்கள் தலையைக் குனிந்துகொள்கிறார்கள்.

எங்கள் தீவு நாட்டின் தலைநகரமான போர்ட்-ஓ-பிரின்ஸின் மலைச்சரிவில் ஏறுகிற எங்கள் சந்தின் முக்கில் நான் வாழைக்காய் வறுத்து விற்கிறேன். நசுக்கி, இரண்டு தரம் பொரித்து, காரமான கோஸ் ஊறுகாயோடு கொடுப்பேன். அடுப்புக்குப் பக்கத்தில் பாதாம் மரம், மரத்தடியில் ஒரு மேசை. மத்தியானம் சாய்ந்ததும் என் புருஷனும் என் அண்ணன் அனெலும் அங்கே டொமினோ ஆட உட்காருவார்கள். புருஷன் வேன் ஓட்டுகிறவன், அண்ணன் பள்ளிக்கூட வாத்தியார். ஒரே தட்டில்தான் வறுவல் தின்பார்கள், ஒரு விஷயத்திலும் ஒத்துப்போக மாட்டார்கள்.

தோற்றவன் முகத்தில் துணி கிளிப் ஏறும். ஒரு ஆட்டத்துக்கு ஒன்று. காது, கன்னம், மூக்கு என்று இடம் கிடைத்த பக்கம் மாட்டுவார்கள். ஜெயித்தால்தான் ஒன்றைக் கழற்றலாம். தானாகக் கழற்றியவனை அப்புறம் எந்த மேசையிலும் சேர்க்க மாட்டார்கள். கிளிப் எல்லாம் இமாகுலா அக்காவின் கொடியிலிருந்து வருபவை. அக்கா ஊரார் துணி துவைத்துப் பிழைப்பவள். இவர்கள் கிளிப்பை உருவ, யார் வீட்டு வெள்ளைச் சட்டையோ சேற்றில் விழ, அவள் இவர்கள் வம்சத்தையே இழுத்துத் திட்டுவாள். திட்டி முடித்துவிட்டு நின்று ஆட்டம் பார்ப்பாள்.

அந்த வருஷம் ஜனங்கள் எழுந்தார்கள். பெட்ரோல் விலை ஏறியது, அரிசி விலை ஏறியது, அதிபர் மட்டும் இறங்க மாட்டேன் என்றார். தெருவுக்குத் தெரு டயர் எரிந்தது. அண்ணன் ஊர்வலத்தில் முதல் வரிசையில் போய்த் தொண்டை கட்டித் திரும்பி வருவார். போலீஸ்காரர்கள் விட்டுவிட்டு ஓடிய பேட்டைகளில் துப்பாக்கிக் கும்பல்கள் புகுந்தன. கடைகளை உடைத்தார்கள், ஆட்களைத் தூக்கினார்கள். கிளேபேரின் வேன் ஓட வழியில்லாமல் மரத்தடியில் நின்று, அதன் மேல் தீட்டியிருந்த மாதா படத்தில் கோழி எச்சமிட்டது. அப்போதுதான் அதிபர் வெளிநாட்டுப் படையைக் கூப்பிடுகிறார் என்று ரேடியோ சொன்னது. அதற்குப் பிறகு ஊரில் வேறு பேச்சே இல்லை.

எங்கள் சந்துக்கு இருந்த ஒரே காவல் சட்டிதான். கும்பல் மோட்டார் சைக்கிளில் வருவதை முதலில் பார்க்கிற வீடு சட்டியை எடுத்து அடிக்கும். அடுத்த வீடு அந்தச் சத்தத்தை வாங்கிக்கொள்ளும். மின்கம்பத்தைக் கல்லால் அடிப்பார்கள், தகரக் கூரையைக் கம்பால் அடிப்பார்கள். மேடே அதிரும், வந்தவன் மிரண்டு திரும்பிப் போவான். எங்களுக்குக் கோபம் வந்தாலும் சட்டி, பயம் வந்தாலும் சட்டி. பிறந்த குழந்தைகூட அந்தச் சத்தத்துக்கு அழாது.

கிளேபேர் படை வரட்டும் என்ற கட்சி. அண்ணன் கூடவே கூடாது என்ற கட்சி. டொமினோக் கட்டையை ஓங்கி மேசையில் அடித்துக்கொண்டே பேசுவார்கள். நான் அடுப்பிலிருந்து கேட்டுக்கொண்டிருப்பேன்.

"வீடு பத்தி எரியுது மச்சான். தண்ணி எவன் கொண்டுவந்தா என்ன?" என்பான் கிளேபேர்.

"தண்ணி கொண்டுவர்றவன் அணைச்சிட்டுப் போகமாட்டான்டா, அங்கயே பாயைப் போட்டுடுவான். முன்னாடி ஒரு தடவை வந்த படைக்காரங்க நம்ம பாட்டனுங்களைக் கயித்துல கட்டி ரோடு போட இழுத்துட்டுப் போனாங்க. மறந்துட்டியா?"

"அந்த ரோட்டுலதான் நான் வண்டி ஓட்டுறேன்."

அண்ணன் சிரிக்க மாட்டார். ஜனங்கள் எழுந்து நிற்கிற நேரம் பார்த்துப் படை வருகிறது என்றால் அது கும்பலை அடக்க வரவில்லை, நம்மைத்தான் உட்கார வைக்க வருகிறது என்பார். வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்ளாதே என்பார். கிளேபேர் விட மாட்டான். பக்கத்துச் சந்தில் பிரசவ வலியெடுத்த பெண்ணை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முடியாமல் தாயும் பிள்ளையும் செத்தது அவன் வேனில்தான். தடுப்புக்கு நடுவே வண்டியை நிறுத்திக்கொண்டு யார் காலில் விழுவது என்று தெரியாமல் அழுதவன் அவன். "உன் சுதந்திரத்தை வச்சு அந்தப் பொண்ணைத் தூக்கிட்டுப் போக முடிஞ்சுதா மச்சான்?" என்று கேட்டான். எனக்கோ இரண்டு பேர் சொல்வதும் சரியாகவே பட்டது, அதனால் இரண்டு பேரையும் திட்டினேன்.

ஒரு நாள் ரேடியோவில் ஜனங்களைப் பேச அழைத்தார்கள். கிளேபேர் போன் போட்டுத் தன் பெயரையும் சந்தின் பெயரையும் சொல்லி, படை நாளைக்கே வரட்டும் என்று பேசிவிட்டான். கும்பலும் ரேடியோ கேட்குமே என்று எனக்கு உயிரே போய்விட்டது. அண்ணன் சில நாள் மேசைக்கு வரவில்லை. பிறகு வந்து, கட்டைகளைக் கவிழ்த்துக் கலக்கினார். அன்று கிளேபேர் முகத்தில் கிளிப் மாட்டக் காது இரண்டும் போதவில்லை.

படை வந்தது. ஹெலிகாப்டர்கள் கூரையை உரசுகிற மாதிரி போனதில் இமாகுலா அக்காவின் துணியெல்லாம் பள்ளத்தில் பறந்தது. சிலர் கை தட்டினார்கள், சிலர் கல்லைப் பொறுக்கினார்கள். நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். எத்தனையோ மாதமாக மேசையில் அடித்துப் பேசின பேச்சு இரும்புத் தொப்பி போட்டுக்கொண்டு எதிரே நடந்து வந்தால் யாருக்குத்தான் நம்ப முடியும். அண்ணன் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

சந்துக்குக் கீழே மூடிக் கிடந்த பேக்கரியில் அவர்கள் மணல் மூட்டை அடுக்கிக் காவல் போட்டார்கள். கிளேபேர் சும்மா இருப்பானா? என் அலுமினியச் சட்டியையும் கரண்டியையும் எடுத்துக்கொண்டு போனான். கையால் மேட்டைக் காட்டினான், சட்டியை அடித்தான், துப்பாக்கிக்காரன் மாதிரி நடித்தான், ஓடி வாருங்கள் என்று சைகை செய்தான். அந்தப் பையன்கள் சிரித்தார்கள், கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்கள். ஒருவன் கரண்டியை வாங்கித் தானும் இரண்டு தட்டு தட்டினான். கிளேபேர் கல்யாண மாப்பிள்ளை மாதிரி மேடேறி வந்தான்.

"பேசி முடிச்சாச்சு. இனிமே நம்ம அடிச்சா அவங்க வருவாங்க."

"எந்த மொழியில பேசின?" என்றார் அண்ணன்.

"சட்டி மொழியில."

மரத்தடியே சிரித்தது. முடிவெட்டுகிற டெல்வா சோப்பு நுரையோடு ஓடி வந்து சிரித்தார். நானும்தான் சிரித்தேன்.

சில வாரம் கிளேபேர் சொன்னதுதான் நடந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும். பாதை திறந்தது, வேன் ஓடியது. பள்ளிக்கூடம் திறந்து அண்ணனும் வேலைக்குப் போனார். ஊர்வலம் மட்டும் நின்றுபோனது, அதிபர் நாற்காலியில் சௌகரியமாகச் சாய்ந்துகொண்டார். படைக்காரர்களோடு ஒரு வார்த்தை பேசமாட்டேன் என்று அண்ணன் சபதம் எடுத்திருந்தார். அவர்கள் முகத்தில் விழிக்கக் கூடாது என்று பேக்கரி வழியைவிட்டுப் பின்னால் பள்ளத்தில் இறங்கி ஏறிப் போவார். "மச்சான் கால் உடைஞ்சா என் வண்டியிலதான் ஏறணும்" என்று கிளேபேர் கிண்டல் செய்வான்.

அன்றைக்கும் பள்ளம் வழியாகத்தான் வந்தார். வெயில் இன்னும் இறங்கவில்லை. நான் முதல் வறுவலை அவருக்கு எடுத்து வைத்தேன். ஆட ஆரம்பித்து மூன்று ஆட்டம் வரிசையாகத் தோற்றார். இரண்டு காதிலும் ஒவ்வொன்று, மூக்கில் ஒன்று. மூக்கில் கிளிப்போடு அவர் பேசினால் குரல் வாத்து மாதிரி இருக்கும். அந்தக் குரலில்தான் அவர் அதைச் சொன்னார்.

"பள்ளத்துலருந்து பாத்தேன், பேக்கரியில புது ஆளுங்க வந்து இறங்கியிருக்காங்க. பழையவங்க மூட்டையைக் கட்டிட்டுப் போயிட்டாங்க. உன் சட்டிப் பாடம் இவங்களுக்குத் தெரியுமா?"

"பழையவன் சொல்லாமயா போயிருப்பான்? நாளைக்கு நான் போய் ஒரு தடவை காட்டிடுறேன்."

"இப்பவே போடா."

"நீ தோக்குற நேரத்துல என்னை எந்திரிக்கச் சொல்லுவ. ஆட்டம் முடியட்டும்."

இமாகுலா அக்கா சிரித்தாள். அண்ணன் அடுத்த கட்டையை எடுத்து வைத்தார். அப்போது நானாவது, 'போய்த் தொலையேன்' என்று என் புருஷனை விரட்டியிருக்கலாம். மற்ற எல்லாவற்றுக்கும் விரட்டுகிறவள்தானே நான். எண்ணெய் காய்ந்துவிட்டது என்று காயைப் போட்டுக்கொண்டிருந்தேன்.

மேட்டின் உச்சியில் முதல் சட்டி கேட்டது. மோட்டார் சைக்கிள் இரைச்சலும் கூடவே கேட்டது. கண்ணிமைக்கிற நேரத்தில் இரண்டாவது, பத்தாவது, எல்லா வீடும். கிளேபேர் என் சட்டி மூடியைப் பிடுங்கிக்கொண்டு வேன் கூரைமேல் ஏறினான். இத்தனை நாள் காத்திருந்த கச்சேரி அவனுக்கு அது. யாரைவிடவும் பலமாக அடித்தான்.

அண்ணன் மேசை கவிழ எழுந்தார். அடிக்காதீர்கள், புது ஆட்களுக்குத் தெரியாது என்று கத்தினார், அந்தச் சத்தத்தில் யாருக்குக் கேட்கும். என்னை ஒரு தரம் பார்த்தார். பிறகு கீழே பேக்கரிப் பக்கம் பார்த்தார். இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு சரிவில் ஓட ஆரம்பித்தார். ஒரு வார்த்தை பேசமாட்டேன் என்றவர் ஆங்கிலத்தில் கத்திக்கொண்டே ஓடினார். வெறும் சட்டிதான், வெறும் சட்டிதான் என்று அர்த்தமாம். டெல்வா பிறகு சொன்னார்.

வெடிச் சத்தம் பெரிதாகக்கூட இல்லை. நாலைந்து பொட்டு பொட்டென்று கேட்டது, அவ்வளவுதான். கிளேபேர் மேட்டைப் பார்த்து நின்றதால் கீழே நடந்ததை அவன் பார்க்கவில்லை. "வந்துட்டாங்க பாத்தியா யோலேத்" என்று என்னைக் கூப்பிட்டுச் சிரித்துக்கொண்டே இன்னும் பலமாக அடித்தான். சத்தியமாகச் சொல்கிறேன், அண்ணன் தடுக்கி விழுந்திருக்கிறார், எழுந்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். கையில் ஜல்லிக்கரண்டியோடு நின்றேன். வாழைக்காய் கருகுகிற வாசனை வந்தபோது சட்டியை இறக்க வேண்டுமே என்றுகூடத் தோன்றியது.

பிறகு ஒவ்வொரு சட்டியாக நின்றது. கடைசியாக நின்றது வேன் கூரைமேல் இருந்த மூடி.

அண்ணனை மேசைமேல்தான் கொண்டுவந்து கிடத்தினோம். கண் திறந்திருந்தது. கிளிப் மூன்றும் அப்படியே இருந்தன. ஓடும்போதுகூட அவர் கழற்றவில்லை. அவற்றை நான்தான் கழற்றினேன். மூக்கில் அழுந்திய தடம் மறையவே இல்லை, தேய்த்துத் தேய்த்துப் பார்த்தேன்.

மறுநாள் ரேடியோ சொன்னது: முகத்தை மறைத்துக்கொண்டு காவல் சாவடியைத் தாக்க வந்த ஆயுததாரி ஒருவர் சுட்டுக்கொல்லப்பட்டார். கேட்டதும் நான் ரேடியோவைத் தூக்கிச் சுவரில் அடித்தேன். முகத்தை மறைத்த ஆயுததாரியாம். மூன்றாம் வகுப்புக்குப் பெருக்கல் வாய்ப்பாடு சொல்லிக் கொடுக்கிற என் அண்ணன்.

துக்க வீட்டுக்குச் சந்து முழுக்க வந்தது. காப்பி, இஞ்சித் தேநீர், கரும்புச் சாராயம் எல்லாம் கைக்குக் கை போனது. எங்கள் ஊரில் துக்க வீடென்றால் டொமினோ ஆடியே ஆக வேண்டும், மேசையைக் கழுவிப் போட்டார்கள். பேச்சு பழைய இடத்துக்கே போனது. படையை இன்றைக்கே விரட்ட வேண்டும் என்றான் ஒருவன். விரட்டினால் நாளைக்கே கும்பல் வந்து நிற்கும், அப்போது யாரைக் கூப்பிடுவாய் என்றான் இன்னொருவன். குரல்கள் ஏறின. யாரோ, கிளேபேரைக் கேளுங்கள், அவன்தானே ரேடியோவில் பேசினவன் என்றார்கள். எல்லோரும் அவன் பக்கம் திரும்பினார்கள்.

நான் அதுவரை அவன் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்தால் என்ன செய்வேன் என்று எனக்கே பயமாக இருந்தது. அவன் எழுந்து என்னிடம் வந்தான், கையை நீட்டினான். என்ன கேட்கிறான் என்று எனக்குத் தெரிந்தது. பாவாடைப் பையிலிருந்த மூன்று கிளிப்பையும் எடுத்து அவன் உள்ளங்கையில் போட்டேன். தன் இடத்தில் போய் உட்கார்ந்து, இந்தக் காதில் ஒன்று, அந்தக் காதில் ஒன்று, மூக்கில் ஒன்று மாட்டிக்கொண்டான்.

யாரும் சிரிக்கவில்லை. இமாகுலா அக்கா தலைத்துணியை இழுத்து வாயைப் பொத்திக்கொண்டாள். டெல்வா தாங்க முடியாமல் அவன் காதிலிருந்ததைக் கழற்றக் கையைக் கொண்டுபோனார்.

"விடுங்க" என்றான் கிளேபேர். அண்ணனின் அதே வாத்துக் குரல். "ஜெயிச்சாத்தான் கழட்டணும்."

கட்டைகளைக் கவிழ்த்துக் கலக்கினான். தனக்கு ஏழு எடுத்துக்கொண்டு, எதிர்ப் பக்கத்துக்கும் ஏழு தள்ளி வைத்தான். எதிர் நாற்காலியில் யாரும் உட்காரவில்லை.