ருசி பார்க்காத கிளாஸ்

அவன் குடியை நிறுத்தி அன்றோடு நூற்றுப் பன்னிரண்டு நாள். புதிய பாரில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளும் அதுதான். "வேற வேலையே கிடைக்கலையா?" என்று மனைவி கேட்டாள். பதினான்கு வருடமாக அவனுக்குத் தெரிந்த தொழில் பாரில் மது கலக்குவது ஒன்றுதான். ஒரு வாரம் பார்ப்பது, தடுமாறினால் விட்டுவிடுவது என்று இருவரும் பேசி முடிவெடுத்தார்கள். கடவுள் பேரைச் சொல்லித்தான் ஏப்ரனைக் கட்டினான்.

அங்கே அதிகம் கேட்கப்படும் காக்டெயில், ஸ்காட்ச் விஸ்கியில் செர்ரி மதுவும் வெர்மூத் என்ற இனிப்பான மூலிகை ஒயினும் சேர்த்து, அப்போதே பிழிந்த ஆரஞ்சுச் சாற்றை விட்டு, ஐஸோடு குலுக்கி வடிப்பது. பழத்தின் புளிப்பு நாளுக்கு நாள் மாறும். அதனால் கிளாஸ் வெளியே போகுமுன் ஸ்ட்ராவால் ஒரு சொட்டு எடுத்து நாக்கில் விட்டுப் பார்க்க வேண்டும். அவன் சாற்றை மட்டும் ருசித்தான். மற்றதைக் குத்துமதிப்பாக விட்டான்.

நான்கு மணிக்கு முதல் கிளாஸ் போனது. போன வேகத்தில் திரும்பி வந்தது.

பாரின் பொறுப்பாளரை எல்லாரும் அக்கா என்பார்கள். ஒரு சொட்டு ருசித்து முகம் சுளித்தாள்.

"என்னடா இது, பல்லு கூசுது! ருசி பார்த்தியா இல்லையா?"

"சாறைப் பார்த்தேன்க்கா."

"சாறையா விக்கிறோம்?"

சளி பிடித்து நாக்கு செத்துவிட்டது என்று சொன்னால் இன்றைக்குத் தப்பிக்கலாம். நாளைக்கு?

"ஒரு சொட்டு பட்டாலும் என்னால நிறுத்த முடியாதுக்கா. நூத்திப் பன்னெண்டு நாளா தொடலை. இந்த வேலைக்கு ஆக மாட்டேன்னா சொல்லிடுங்க, போயிடறேன்."

அக்கா ஒரு புது கிளாஸை எடுத்து அவன் முன்னால் வைத்தாள்.

"இதை முதல்லயே சொல்றதுக்கென்ன, நான் கடிச்சா தின்னுடுவேன்? நீ கலக்கு. ருசி நான் பார்க்கிறேன்."

கலக்கினான். ருசித்தாள்.

"இன்னும் புளிக்குது."

சாற்றைக் குறைத்து, செர்ரி மதுவைக் கூட்டி, மறுபடி குலுக்கினான்.

"ம்ம். இப்பதான் வழிக்கு வந்திருக்கு. அனுப்பு."

அது திரும்பி வரவில்லை.

தன் பலவீனத்தைச் சொல்ல ஒருவனுக்குத் துணிவும், இன்னொருவருக்கு அதைக் கேட்டு இளக்காரம் செய்யாத மனமும் இருந்தால் போதும். கடவுளின் வேலை பாதி முடிந்துவிடுகிறது.

ஆறு மணிக்கு அக்கா கிளம்பும்போது, அடுத்த ஷிப்டுக்கு வந்தவரிடம் சொன்னாள்:

"இவன் கலக்குறதுக்கு ருசி நீங்க பாருங்க. ஏன்னு கேக்காதீங்க."

"நான் ஏன் கேக்கப் போறேன்? தினம் இப்படி ஒரு தண்டனை கிடைக்குமா?"

அவன் வாய்விட்டுச் சிரித்தான். அடுத்த பழத்தை அறுத்தான்.