வாவிப் பக்கத்து வெயில்

இராசாத்தி மூன்று நிமிடத்தில் மெய்நிகர்க் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். பட்டி இறுக்கிய தடம் நெற்றியில் பதிந்திருந்தது. கணினிக்கு முன்னால் இருந்த நுஸ்ராவும், அவளுக்குப் பின்னால் நின்ற மேனுகாவும் அவர் முகத்தையே பார்த்தார்கள்.

“வீடு நல்லாத்தான் இருக்கு புள்ளையள். ஆனா காலமை வெயில் எங்களுக்குக் கடல்பக்கத்தால வரும். நீங்க ஆத்துப்பக்கத்தால விட்டிருக்கீங்க.”

வாவியை அவர் ஆறு என்றுதான் சொல்வார். மேனுகா நாக்கைக் கடித்தாள். அவள் பழுகாமத்துக்காரி. வாவியின் மேற்குக் கரையான அங்கே சூரியன் தண்ணீருக்குள்ளிருந்துதான் எழும்பும். கடலுக்கும் வாவிக்கும் நடுவில் கிடக்கும் நாவலடியில் அதே தண்ணீருக்குள் அது விழும் என்பது வரைபடத்தைப் பார்த்த கண்ணுக்குத் தெரிந்திருந்தது. பிறந்த ஊரின் காலை வெயிலுக்குப் பழகிய கைக்குத் தெரியவில்லை.

“அது சுகம் மாமி, வெயில மத்தப் பக்கம் கிறுக்கி விடலாம். மத்தது?” என்றாள் நுஸ்ரா.

“மத்தது... அந்தப் புள்ள ஆரு?”

சுனாமி கொண்டுபோன வீடுகளை மெய்நிகரில் திரும்பக் கட்டிக் காட்டும் கண்காட்சி ஒன்றுக்காக அவர்கள் ஒரு வெறும் மண்டபத்தில் வேலை செய்துகொண்டிருந்தார்கள். காத்தான்குடி நுஸ்ராவுக்குக் கணினி. கண்ணாடி, கத்தாரிலிருந்து அவள் நானா என்று கூப்பிடும் அண்ணன் அனுப்பியது. மேனுகா ஓவியம் படித்தவள். இராசாத்தியின் மகள் விதுர்ஷா அலையோடு போகும்போது அவளுக்கு ஒன்பது வயது. அவளுடைய ஒரு படம் வீட்டோடு போனது. இன்னொரு பிரதி மாங்கேணியில் இராசாத்தியின் தம்பி வீட்டில் இருந்தது. இரண்டு வருடம் கழித்துச் சண்டையில் அவர்கள் இடம்பெயர்ந்தபோது அதுவும் போனது. பதின்மூன்று வருடமாக அந்த முகம் தாயின் கண்ணுக்குள் மட்டும்தான். தாய் சொன்ன அடையாளங்களை வைத்து இருவரும் ஒரு முகத்தைச் செய்திருந்தார்கள். மென்பொருள் அதற்கு எல்லாப் பக்கத்தாலும் ஒரே அளவாய் வெளிச்சம் அடித்து, புடவைக்கடைப் பொம்மை மாதிரி நிறுத்தியிருந்தது.

“அவள் அங்க இருக்கோணும்,” என்றார் இராசாத்தி. “ஆனா வேற ஆர்ட முகமும் வேணாம்.” போக எழும்பியவர் கதவடியில் நின்றார். “வெயிலையும் மாத்தவேணாம். பின்னேரம் எண்டு வைங்க. சனிக்கிழமை தலை முழுகினா அந்த வாசல்லதான் இருந்து காயவைப்பாள்.”

அலை வந்தது ஞாயிறு காலை.

முகமில்லாமல் ஒரு பிள்ளை இருக்க வேண்டும். இது ஆகிற காரியமா என்று நுஸ்ரா யோசித்துக்கொண்டிருக்க, மேனுகா அந்த உலகத்தின் விளக்குகளை ஒவ்வொன்றாய் அணைத்துக்கொண்டு போனாள்.

“எல்லாத்தையும் நூத்தா பேய் வீடு மாதிரி இருக்கும்கா,” என்றாள் நுஸ்ரா. இருவரும் ஒருவரையொருவர் ‘கா’ போட்டுத்தான் கூப்பிடுவார்கள்.

“பேய்க்கும் ஒரு மூலை வேணும்தானே. பொறு நீ.”

கடைசியில் ஒன்றே ஒன்று மிஞ்சியது, மேற்கு வாசலால் சாய்ந்து வரும் வெயில். பழைய எண்ணெய் ஓவியக்காரர்கள் ஒற்றை யன்னல் அறையில் இப்படித்தான் வேலை செய்தார்களாம். முதலில் துணி முழுக்க மண்நிறக் கபிலம். நிழலை மெல்லிசாய்ப் பூசினால் அடியிலுள்ள கபிலம் மூச்சுவிடும். வெளிச்சத்தைத் தடிப்பாய், சிக்கனமாய், நாலே இடத்தில் வைக்க வேண்டும். இருட்டோடு இருட்டு சேரும் இடத்தில் விளிம்பைக் கரைத்துவிட வேண்டும். கண் எங்கே போக வேண்டுமோ அங்கே மட்டும் கூர். மேனுகா இதைச் சொன்னதோடு விடவில்லை. நுஸ்ராவையும் கூட்டிக்கொண்டு மூன்று பின்னேரம் நாவலடிக்குப் போனாள். அடம்பன் கொடிக்குள் இராசாத்தி வீட்டின் சிவப்புச் சீமெந்து நிலம் மட்டும் இன்னும் கிடந்தது. அதில் ஓர் அலுமினியக் குடத்தை வைத்துக் கடதாசி மட்டையில் வரைந்தாள். மூன்றாம் நாள்தான் நுஸ்ராவின் கண்ணுக்கும் பிடிபட்டது: குடத்தின் வயிற்றுக்குக் கீழே நிழல் கறுப்பே இல்லை. வாவியில் பட்ட வெயில் துள்ளி எழுந்து, கீழிருந்து அந்த இருட்டுக்குள் பச்சையும் நீலமுமாய் நுழைந்திருந்தது. ஆறு வருடம் கணினியில் ‘நிழல்’ என்று ஒரு பொத்தானை அமத்தி வந்தவளுக்கு வெட்கமாகவும் சந்தோசமாகவும் இருந்தது. சுவரையும் நிலத்தையும் மேனுகா அதே மாதிரி மட்டையில் தீட்டித் தர, அவற்றைப் படமெடுத்துக் கணினி வீட்டுக்குத் தோலாகப் போர்த்தினார்கள். வீடு பாரம் கொண்டது.

பிள்ளையை வாசலைப் பார்க்க இருத்தினார்கள். பின்னால் நின்றால் முடியின் ஓரத்தில் பொன் கோடு. பக்கத்தால் வந்தால் விரித்த முடி மறைத்தது. முன்னால்?

“ஓவியத்த ஒருத்தரும் சுத்திப்போய்ப் பாக்க ஏலா. இதுக்குள்ள மாமி நடப்பாவே,” என்றாள் நுஸ்ரா. “அங்கால போக விடாமப் பூட்டிரட்டா?”

“தாயக் கட்டிப்போடச் சொல்றியா?” மேனுகா திரையிலிருந்த வாசலில் விரலை வைத்தாள். “அவ வாசல்ல நிண்டா வெயில் அவட முதுகில படும். அவட நிழல் எங்ககா?”

“உள்ள போறவங்களுக்கு உடம்பே இல்ல. நிழலுக்கு நான் எங்க போற?”

ஆனாலும் போனாள். தலை இருக்கும் இடமும் இரண்டு கையும்தான் கணினிக்குத் தெரியும். அவற்றை வைத்து, யார் கண்ணுக்கும் தெரியாத, ஆனால் வெயில் துளைக்க முடியாத ஓர் உடம்பைச் செய்ய இரண்டு நாள் பிடித்தது. முகத்தில் மேனுகா மூன்று கபிலத் தூரிகை இழுப்போடு கையை எடுத்துவிட்டாள். தாயின் நிழல் அதில் விழுந்தால் அது நிழலில் இருக்கும் ஒரு பிள்ளையின் முகம். தாய் விலகினால் வெயில் பட்டு, அங்கே ஒன்றுமில்லை என்பது தெரிந்துவிடும்.

சுனாமிக்குப் பிறகு குடியேறிய திராய்மடுவிலிருந்து இராசாத்தி இரண்டாம் தரம் வந்தார். கண்ணாடியை மாட்டி, கைப்பிடிகளைக் கொடுத்தார்கள். அவர் பார்ப்பது திரையில் பெரிதாகத் தெரிந்தது. மெய்நிகர் அறையின் மூலையிலிருந்து பார்க்கும் சின்னக் கட்டம் ஒன்றையும் நுஸ்ரா ஓரத்தில் திறந்துவைத்திருந்தாள்.

நெடுநேரம் பிள்ளையின் பின்னாலேயே நின்றார். பிறகு அடியடியாய்ச் சுற்றி வாசலுக்கு வந்தார். அவருடைய நிழல் நிலத்தில் நீண்டு, பிள்ளையின் மடியில் ஏறி, முகத்தில் விழுந்தது. இராசாத்தி வாயைக் கையால் பொத்தினார். நிழலும் பொத்தியது.

“இருக்காள்,” என்றார்.

நுஸ்ராவின் கண் நிறைந்தது. திரும்பி மேனுகாவைப் பார்த்தாள். இந்தக் கையை யார் படைத்தது என்று கேட்க வேண்டும் போலிருந்தது. அதற்குள் இராசாத்தியின் குரல்.

“அடியே, நான் வெயில மறைச்சிட்டு நிக்கன். தலை காயாதே.”

இதை இருவருமே யோசிக்கவில்லை. எந்தத் தாயும் விலகத்தான் செய்வாள். இராசாத்தியின் கால் நகர்ந்தது. நுஸ்ராவின் விரல் எல்லாவற்றையும் இருட்டாக்கும் பொத்தானுக்குப் போனது. மேனுகா அந்த விரலைப் பிடித்துக்கொண்டாள்.

“வேணாம்கா. விடு.”

பெரிய திரையில் சிவப்புச் சீமெந்து மட்டும் தெரிந்தது. இராசாத்தி தலையைக் குனிந்து, நிலத்தைப் பார்த்தபடியே நடந்தார். தெரிந்துதான் குனிந்தாரா, பிள்ளையின் காலில் மிதித்துவிடுவோம் என்று குனிந்தாரா என்று வெளியில் இருந்தவர்களுக்குத் தெரியவில்லை. முகத்தைத் தாண்டி, முடியின் பக்கத்தைத் தாண்டி, பின்னால் வந்து, மண்டபத்தின் வெறும் தரையில் கால் மடித்துச் சப்பாணி கட்டி இருந்தார். இரண்டு கையும் காற்றில் உயர்ந்தன.

சின்னக் கட்டத்தில், மேனுகா மட்டையில் தீட்டிய கிழக்குச் சுவரில், ஒரு பெரிய நிழலும் ஒரு சின்ன நிழலும். பெரியதின் விரல்கள் சின்னதின் முடிக்குள் போய், பிரித்து, வெளியே வந்து, மறுபடியும் உள்ளே போயின.