தண்ணீர் மெஷினுக்கு மேலே ஒரு கல்

எங்கள் ஊர் தொடக்கப் பள்ளிக்கு நாங்கள் கொண்டுபோன சீர்வரிசை மாதிரி உத்திரமேரூர் வட்டாரத்தில் எந்தக் கல்யாணத்துக்கும் போனதில்லை. மேளக்காரர் அடித்த அடியில் ஏரித் தண்ணீர் ஒரு சாண் ஏறிவிட்டது. நான் கூட்டிச் சொல்வதாக நினைப்பவர்கள் என் பெண்டாட்டியிடம் கேட்கலாம். அவள் இரண்டு சாண் என்பாள்.

தாய்மாமன் தட்டு தூக்கிப் போவதுபோல, படித்தவர்கள் தங்கள் பள்ளிக்கூடத்துக்குத் தட்டு தூக்கும் வழக்கம் இப்போது எல்லா ஊரிலும் வந்துவிட்டது. நோட்டு, பென்சில், பாய், நாற்காலி. எங்கள் சீரில் இவற்றுக்கெல்லாம் ராஜா, குடிதண்ணீர் மெஷின். வாங்கிக் கொடுத்தவன் கலைச்செல்வன். ஐந்தாம் வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்து பாலாற்றுக்குப் போட்டியாக மூக்கு ஒழுகினவன், இப்போது அம்பத்தூரில் கம்பெனி வைத்திருக்கிறான். நான் ரிட்டயர்டு கண்டக்டர். பெயர் சின்னப்பையன். அறுபத்திரண்டு வயதிலும் அதேதான்.

மெஷினுக்கு மேலே சுவரில் ஒரு கருங்கல் பதித்தோம். 'உபயம்' என்று பெயர் போடாமல் எங்கள் ஊரில் டியூப்லைட்கூட எரியாது. கலைச்செல்வன் தன் பெயர் வேண்டாம் என்றான்.

"மோகன் பேர்ல வெக்கலாம்டா. கனகாகிட்ட சொல்லாதீங்க. திடீர்னு பாத்தா சந்தோஷப்படும்."

மோகன் எங்களோடு படித்தவன். போர்வெல் லாரியில் வேலைக்கு வடக்கே போனவன், ஏதோ ஒரு ஊரில் டீ குடிக்க இறங்கினான். திரும்ப ஏறவில்லை. எட்டு வருஷம் ஆகிறது. போலீஸ், ஜோசியம், போஸ்டர் எல்லாம் பார்த்தாயிற்று. அவன் மனைவி கனகாதான் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறாள். பூவும் பொட்டும் ஒரு நாள் தவறியதில்லை. வீட்டில் மாமியார் எல்லம்மாள் மூக்கை உறிஞ்சினால்கூட, "சளின்னா மாத்திரை போடு அத்தை. அழுவற வேலை வேணாம். உம்புள்ள வருவாரு" என்பாள்.

கல்லில் வெட்ட வேண்டியதை கலைச்செல்வன் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டான். எல்லாரும் கட்டைவிரல் தூக்கினோம். நான் கூடுதலாக ஒரு ரோஜாப்பூவும் போட்டேன்.

ஊர்வலத்தன்று முதல் தட்டை யார் தூக்குவது என்று பேச்சு வந்தது. "சுமங்கலியா இருந்தா..." என்று கூடப் படித்த இளவரசி இழுத்தாள். நான் வெற்றிலைத் தட்டை எடுத்து கனகா கையில் வைத்தேன்.

"கண்டக்டர் சொல்றேன், முன்னாடி போம்மா."

"போனா டிக்கெட் கேப்பியேணா" என்றாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்து எத்தனையோ காலம்.

பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்ததும் கலைச்செல்வன் கல்லை மூடியிருந்த துணியை இழுத்தான். பிள்ளைகள் கை தட்டினார்கள்.

'அமரர் மோகன் நினைவாக. நண்பர்கள் உபயம்.'

கனகா எழுத்துக்கூட்டிப் படித்தாள். தட்டை இறக்காமலே கலைச்செல்வனிடம் போனாள்.

"எப்போ தெரிஞ்சுதுணா உங்களுக்கு?"

"இன்னாம்மா?"

"தகவல் வந்துகீதே. எந்த ஊர்ல? பாடிய எங்க வச்சிகினு கீறாங்க? எனக்கு ஏன் மொதல்ல சொல்லல?"

அவன் என்னைப் பார்த்தான். ஓடுகிற பஸ்ஸில் முப்பது வருஷம் கத்தியவன் நான். மேளக்காரரைப் பார்த்தேன்.

"தகவல் ஒண்ணும் வரலம்மா" என்றான். "எட்டு வருஷம் ஆச்சே, அதான் நாங்களா..."

"நீங்களா?"

"ஆமா."

"அப்போ யாரும் அவரப் பாக்கல."

"பாக்கலம்மா."

கனகா மூச்சை விட்டாள். அந்த முகத்தில் சந்தோஷம் வந்தது. நிஜமான சந்தோஷம். எங்களில் ஒருத்தனாலும் அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

அதற்குள் கூட்டத்தில் யாரோ எல்லம்மாளுக்குக் கல்லைப் படித்துச் சொல்லிவிட்டார்கள். கிழவி வந்து சுவரோரம் உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டாள். மேளம் நின்றது. கனகா ஓடினாள்.

"அத்தை, எழுந்திரு. இவங்களா எழுதனதாம். ஒரு தகவலும் இல்ல."

"இல்லாங்காட்டி போவுது. வுடுடி. வூட்டுல என்னிக்காவது அழவுட்டியா நீ? பெத்தவடி நானு. இங்க அவன் பேரு கீது. அழுதுட்டுப் போறேன்."

"கல்ல இப்பவே பேத்துடலாம்மா" என்று கலைச்செல்வன் கொத்தனாரைத் தேடினான். எல்லம்மாள் எழுந்து எட்டி, இரண்டு கையாலும் கல்லைப் பொத்திக்கொண்டாள். கனகா அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"வேணாம்ணா. இருக்கட்டும். அது அத்தைக்கு. எனக்கில்ல."

தட்டை ஹெட்மாஸ்டர் சாரதா டீச்சரிடம் கொடுத்துவிட்டு, சாம்பார் கொதிக்கிறது என்று உள்ளே போனாள்.

கல் இருக்கிறது. வெள்ளிக்கிழமைகளில் எல்லம்மாள் வந்து பூ வைத்து அழுதுவிட்டுப் போகிறாள். பிள்ளைகள் மெஷினில் பிடித்துக் குடிக்கிறார்கள். கனகா மட்டும் சமையலுக்கு ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய், கைபம்பில் அடித்து, குடத்தில் தூக்கி வருகிறாள். அந்தத் தண்ணீரை வாயில் வைத்தால் உப்பில் நாக்கு சுருண்டு தொண்டைக்குள் போய்விடும்.

போன வாரம் எதிரே வந்தவளிடம் குடத்தை வாங்கிக்கொண்டேன்.

"உள்ளயே நல்ல தண்ணி கீதே, ஏம்மா இந்தப் பேஜாரு?"

"அந்த மெஷின் தண்ணில பருப்பு வேவலணா" என்றாள்.