றேமண்ட் தோற்ற விதம்

கொழும்புக் கொட்டாஞ்சேனையில் றேமண்டை வாய் நிறையப் புகழாத ஆளில்லை. மல்யுத்தத்தில் நாட்டுக்காக மெடல் வாங்கியவன், துறைமுக வேலையை விட்டுவிட்டுக் காசுக்குக் கூண்டுச் சண்டை போடப் போனபோதுதான் கொஞ்சப் பேர் முகம் சுளித்தார்கள். குத்து, உதை, பிடி, நெரிப்பு எல்லாம் கலந்த அந்தப் புது விளையாட்டைக் கோயில் சனம் காட்டுச் சண்டை என்றது. மூன்று முறை தொடர்ந்து வென்றதும் அதே வாய்கள்தான் "எங்கட பெடியன்" என்று கொண்டாடின. சனத்தின் வாய்க்கு என்ன, எந்தப் பக்கமும் திரும்பும்.

ஹோட்டலொன்றில் நடந்த நாலாவது சண்டையில் தோற்றான். தோற்றதில் வெட்கமில்லை, தோற்ற விதத்தில்தான் வெட்கம். மல்யுத்தக்காரனுக்கு முதுகு தரையில் பட்டால் கதை முடிந்தது. வருடக்கணக்காக உடம்பில் ஊறிய அந்தப் பழக்கம், எதிராளி மல்லாத்தியதும் றேமண்டைச் சட்டென்று குப்புறப் புரட்டிவிட்டது. கூண்டுக்குள் அதைப்போல முட்டாள்தனம் வேறில்லை. முதுகில் ஏறியவன் கழுத்தைச் சுற்றிக் கையைப் போட்டு இறுக்க, கண் இருண்டது. றேமண்ட் அந்தக் கையில் படபடவென்று தட்டினான். தோற்றுப்போனேன், விட்டுவிடு என்று அர்த்தம். ஊருக்கு வந்து, புருவம் வெடித்தது, டொக்டர் நிற்பாட்டினார் என்று புளுகினான். அவனைச் சுற்றியிருந்தவர்களில் உண்மை தெரிந்தவன் ஒருத்தன்தான்: அன்று கூண்டோரம் தண்ணீர்ப் போத்தலோடு நின்ற நோபேட்.

நோபேட் மன்னார்ப் பெடியன். வெள்ளவத்தையில் லொட்ஜில் தங்கி, கராஜுக்குப் பின்னாலிருந்த மண்டபத்தில் றேமண்டோடு பயிற்சி எடுத்தான். அடி முழுக்க அவனுக்கு, பெயர் முழுக்க றேமண்டுக்கு. அப்படியிருந்தும் "அண்ணை, அண்ணை" என்று சுற்றிச் சுற்றி வந்தான்.

இரண்டாயிரத்து ஏழில் ஒரு சனிக்கிழமை பின்னேரம். பயிற்சி பார்க்கவென்று கொட்டாஞ்சேனையிலிருந்து நாலைந்து பேர் வந்திருந்தார்கள். வாசலில் ஜீப் ஒன்று நின்றது. இறங்கியவர்கள் எந்தப் பொலிஸ் ஸ்டேசன் என்றும் சொல்லவில்லை. அடையாள அட்டைகளை வாங்கினார்கள். பிறந்த இடம் மன்னார் என்று கண்டதும் நோபேட்டின் முழங்கையையும் முழங்காலையும் திருப்பிப் பார்த்தார்கள். பயிற்சி மெத்தையில் தேய்ந்து தேய்ந்து தோல் காய்த்திருந்தது. றேமண்டோடு பயிற்சி எடுப்பவன், அவன் சண்டைக்கு உதவிக்கு நின்றவன் என்று நோபேட் சொல்லிப் பார்த்தான். காட்டில் தவழ்ந்து பயிற்சி எடுத்த புலி இயக்கத்தவனுக்கும் அதே இடத்தில்தான் காய்க்குமாம். றேமண்டுக்கும் அதே காய்ப்புத்தான். ஆனால் அவன் முகத்தைப் பார்த்ததும் அதிகாரி சிரித்துவிட்டார்.

"தம்பி, ஹோட்டல் சண்டையில் தட்டினவன் நீதானே? நான் முன்வரிசையில் இருந்தேன்" என்றார் சிங்களத்தில்.

"இல்லை சேர். டொக்டர்தான் நிற்பாட்டினார்."

கொட்டாஞ்சேனைக்காரருக்குச் சிங்களம் தண்ணீர்பட்ட பாடு. எல்லோரும் காதைக் கொடுத்துக்கொண்டு நின்றார்கள். அதிகாரி நோபேட்டிடம் திரும்பினார்.

"இவனுக்கு உதவிக்கு நின்றவன் என்கிறாயே, நீ சொல்லு. தட்டினானா, இல்லையா?"

நோபேட் றேமண்டை ஒருமுறை பார்த்தான். பிறகு தனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில், தட்டவில்லை என்றான்.

"அப்படியென்றால் நீ அங்கே இருக்கவேயில்லை. ஏறு ஜீப்பில்."

நான்தான் தட்டினேன், என் மானத்துக்காக இவன் பொய் சொல்கிறான் என்று றேமண்ட் சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. பயம் என்றால்கூட மன்னிக்கலாம். பயமில்லை, வீம்பு. நாலைந்து பேர் முன்னால் முகம் கறுக்கக்கூடாது என்ற வறட்டு வீம்பு. ஜீப் காலி வீதியில் திரும்பிய பிறகுதான் அவனுக்கு வாய் வந்தது. அப்போது கேட்க ஆளில்லை.

நோபேட்டின் அக்கா யோசெப்பின் மன்னாரிலிருந்து வந்தாள். அவளுக்குச் சிங்களம் ஒரு சொல்லும் தெரியாது. அதன்பிறகு கூண்டுப் பக்கம் தலைவைத்தும் படுக்காமல் மறுபடி துறைமுகத்தில் சேர்ந்திருந்த றேமண்ட், லீவு போட்டு அவளைப் பொலிஸ், முகாம் என்று கூட்டிக்கொண்டு அலைந்தான். வாசலுக்கு வாசல் சிங்களத்தில் உண்மையைச் சொன்னான். நான் தட்டினேன் சேர், அவன் என் வெட்கத்தை மறைக்கத்தான் பொய் சொன்னான். சொல்லும்போதே கண் கலங்கும். அப்படி ஒருத்தனும் இங்கே இல்லை என்று துரத்திவிடுவார்கள். பக்கத்தில் நிற்கும் யோசெப்பின் உருகிப்போவாள்.

"கூடப் பிறந்த ஆக்கள்கூட இப்பிடி நிக்க மாட்டினம், அண்ணா. அவங்களிட்ட என்ன சொன்னனீங்கள்?"

"நோபேட் நல்ல பெடியன் எண்டு சொன்னனான், தங்கச்சி."

அவள் நன்றி சொல்லும் ஒவ்வொரு தடவையும் அவனுக்குச் செருப்பால் அடித்தது போலிருந்தது.

ஒருநாள் புறக்கோட்டையில் பஸ்ஸுக்கு நிற்கும்போது அவள் கேட்டாள்: "நாளையிலயிருந்து உங்களுக்கு லீவு இல்லையெல்லோ. நீங்கள் சொல்லுற கதையைச் சிங்களத்தில எனக்குச் சொல்லித் தாங்கோ. பாடமாக்கிப்போட்டு நானே போய்ச் சொல்லுறன்."

அர்த்தம் தெரியாமல் அவள் அதை வாசல் வாசலாக ஒப்புவிப்பதை றேமண்ட் நினைத்துப் பார்த்தான். அதற்குமேல் அவனால் முடியவில்லை. சனம் இடித்துக்கொண்டு போன அந்த இடத்திலேயே முழுவதையும் தமிழில் சொன்னான். "நான் வாய் திறந்திருந்தா விட்டிருப்பாங்கள். நான் திறக்கேல்லை."

யோசெப்பினின் முகம் வெளிறியது. அவர்கள் ஏற வேண்டிய பஸ் வந்து, நின்று, போனது. ஏசுவாள், அடிப்பாள் என்று தலைகுனிந்து நின்றான். அடித்தால் நல்லது என்றும் இருந்தது.

"சரி. இதைச் சிங்களத்தில எப்பிடிச் சொல்லுறது?" என்றாள் அவள். "முதல்ல இருந்து சொல்லுங்கோ."

அண்ணா என்று சொல்லவில்லை.