ரொட்டிக்கு முன் தண்ணீர்

மார்டென் உயிரோடு இருந்தவரை, எங்கள் பட்டறைக்குச் சரக்கு கொண்டுவரும் ஓட்டுநர்கள் அவரை மரியாதை தெரியாதவர் என்றே சொல்லிவந்தார்கள். வழியில் வந்தவனை உள்ளே அழைத்து முதலில் ரொட்டி தருவதுதான் எங்கள் ஊரான தல்திகோர்கனில் எல்லார் வீட்டு முறையும். என் கணவர் மட்டும் லாரியை முற்றத்தில் நிறுத்தி, கல் பலகைகளின் உறையைக் கிழித்து, ஒவ்வொன்றின் மேலும் தண்ணீர் ஊற்றி, அது காயும்வரை ஓட்டுநரைக் குளிரில் நிறுத்திவைப்பார். ரொட்டி அதற்குப் பிறகுதான்.

காரணம் எளியது. சமையல் மேடைக்கு நாங்கள் அறுக்கும் குவார்ட்ஸ் பலகையில் கல்லுக்கே உரிய ரேகையும் விரிசலும் கண்ணுக்கு ஒன்றுபோலவே இருக்கும். ஈரம் காயும்போது ரேகை கல்லோடு சேர்ந்து காய்ந்துவிடும். விரிசல் காயாது. விரிசல் இருந்தால், பலகை லாரியில் இருக்கும்போதே ஓட்டுநர் அதைத் தன் சரக்குச் சீட்டில் எழுதி ஒப்பமிட வேண்டும். எழுதினால் அனுப்பியவர்கள் மாற்றுப் பலகை தருவார்கள். எழுதாமல் பெற்றுக்கொண்டால் உடைந்த கல் நம்முடையது.

ஜனவரியில் அவருடைய இதயம் நின்றுபோனது. நாற்பதாம் நாள் விருந்து முடிந்த மறுநாளே அவருடைய அண்ணன் சாபிர், அறுக்கும் இயந்திரத்தை அல்மாட்டிக்காரர் ஒருவருக்கு விற்கப் பேசிவிட்டிருந்தார். பட்டறை அவர்களுடைய அப்பாவின் மனையில் நிற்கிறது; மூத்தவர் சாபிர், சொல் அவருடையது. கையில் இருந்த ஒரு வேலையை மட்டும் முடித்துக்காட்டுகிறேன் என்றேன். வசந்தத்தில் மருமகள் வரவிருக்கும் ஒரு வீட்டின் சமையலறை அது.

"அறுக்கிறத பட்டறை ஆளு கைரொல்லா பாத்துக்குவான்," என்றார் சாபிர். "சரக்கு எறக்குறத யாரு பாப்பாங்க? நீ வர்றவனுக்கு டீ ஊத்தி, அவன் நீட்டுற எடத்துல கையெழுத்துப் போட்டுருவ."

"போட மாட்டேன் மாமா."

"சரி. இந்த ஒண்ணு. கெட்டுச்சுன்னா மெஷின் போயிரும்."

மார்ச்சில் சரக்கு வந்தது. ஓட்டிவந்தவன் ஒண்டாசின். மார்டெனோடு பள்ளியில் படித்தவன். அவரைவிடச் சில மாதம் இளையவன். அடக்கத்தின்போது எல்லையில் பனியில் சிக்கி, வர முடியாமல் போனவன். லாரியை நிறுத்தியதும் ஹாரன் அடிக்கவில்லை. தொப்பியைச் சரிசெய்துகொண்டு நேராக வீட்டுக்குள் வந்தான்.

அடக்கத்துக்கு வராதவன் அந்த வீட்டுக்குள் முதல்முறை நுழைந்தால், உட்கார்ந்து இறந்தவருக்காகக் குர்ஆன் ஓத வேண்டும். ஓதி முடித்தவனுக்கு வீடு ரொட்டி தர வேண்டும். அதற்கிடையே வேறு பேச்சுக் கிடையாது. லாரியில் என்ன இருக்கிறது என்று கேட்பது வசவுக்குச் சமம்.

ஓதினான். உள்ளங்கைகளால் முகத்தைத் தடவிக்கொண்டான். பிறகு அழுதான். தோள் குலுங்க, சத்தமில்லாமல் அழுதான். நான் அவன் முன்னால் எண்ணெயில் பொரித்த பவுர்சாக் ரொட்டித் தட்டை நகர்த்தினேன். அவனுடைய தேநீரின் மேல் பாலாடை படிவதைக் கவனித்தேன். மாற்றி ஊற்றலாமா என்று யோசித்தேன். ஜனவரியிலிருந்து எனக்கு இப்படிப்பட்ட யோசனைகள்தான் வருகின்றன.

மூக்கைத் துடைத்துக்கொண்டு, சட்டைக்குள்ளிருந்து சரக்குச் சீட்டை எடுத்தான்.

"அண்ணி, இதுல ஒரு கையெழுத்து."

போட்டேன். அழுத ஈரம் காயாதவனிடம், கல்லைப் பார்க்கும்வரை இரு என்று சொல்ல முடியவில்லை.

கைரொல்லா கதவில் தலையை நீட்டினான். மார்டெனிடம் பல ஆண்டுகள் வேலை செய்தவன்.

"அக்கா, பட்டையக் கழட்டிட்டேன், உறையும் எடுத்தாச்சு. தண்ணி ஊத்தவா?"

"அதான் கையெழுத்தாயிருச்சே," என்றான் ஒண்டாசின். "இன்னும் யாரக் குளிப்பாட்டணும்?"

"ஒன்னையும் சேத்துத்தான். எல்லையிலேருந்து குளிச்ச மாதிரி தெரியலையே," என்றான் கைரொல்லா.

ஒண்டாசின் சிரிக்கவில்லை. அப்போதுதான் நான் எழுந்தேன்.

"ஊத்து," என்றேன்.

பலகைகள் லாரியின் மரச்சட்டத்தில் சாய்ந்து நின்றன. வெள்ளையில் சாம்பல் ரேகை ஓடும் பலகைகள். கைரொல்லா வாளியைக் கவிழ்த்தான். முன்பலகையின் ஓரத்திலிருந்து ஒரு ரேகை இறங்கியது. அதன் பக்கத்தில் இன்னொரு கோடு.

"ரேகைதான் அண்ணி. இந்தக் கல்லே அப்படித்தான்."

"இருக்கலாம்."

"ஓதிட்டு எந்திரிச்சவன வெளிய நிக்க வெச்சு சோதிக்கிறீங்க. ஊருல என்ன சொல்லுவாங்க?"

"மார்டென் பொண்டாட்டின்னு சொல்லுவாங்க."

மலைப்பக்கமிருந்து காற்று வந்தது. மூவரும் கல்லைப் பார்த்துக்கொண்டு நின்றோம். கோடும் சேர்ந்து காய்ந்துவிட்டால், துக்கம் கேட்க வந்தவனை அவமதித்தவளாவேன். காயாவிட்டால் இயந்திரம் அல்மாட்டிக்குப் போகும். இரண்டில் எது வேண்டும் என்று என்னைக் கேட்டுக்கொண்டேன்.

மேலிருந்து காயத் தொடங்கியது. ரேகை வெளிறியது. பக்கத்துக் கோடு மட்டும் நனைந்த நூல்போலக் கறுத்து நின்றது.

ஒண்டாசின் தன் பூட்ஸைப் பார்த்தான்.

"கணவாயில குதிரைக் கூட்டம் ஒண்ணு குறுக்க வந்துச்சு. பிரேக்க அழுத்திட்டேன்."

"அப்பவே தெரியுமா?"

"சத்தம் கேட்டுச்சு."

"அப்ப உள்ள வந்து அழுதது?"

"அதுவும் நெசந்தான் அண்ணி. ரெண்டும் நெசம்."

கோபம் வர வேண்டிய இடம் அது. தேடிப்பார்த்தேன். ஜனவரியிலிருந்து கண்ணீர் வராத அதே இடத்தில் கோபமும் இல்லை.

"சீட்டுல எழுது."

"எழுதுனா வண்டியப் புடுங்கிருவாங்க. ஏற்கெனவே ஒரு தடவ எச்சரிச்சுட்டாங்க."

"எழுதலன்னா சாபிர் மாமா மெஷின வித்துருவாரு."

"நீங்கதான் கையெழுத்துப் போட்டுட்டீங்களே."

அது உண்மை. சீட்டு அவன் பையில் இருந்தது. பலகைகளை இறக்கிவிட்டு அவன் போகலாம். தடுக்க என்னிடம் எதுவும் இல்லை.

"ஓதினத நான் திருப்பித் தர முடியாது, தம்பி," என்றேன். "அது அவருக்குப் போயிருச்சு. கையெழுத்த நீ திருப்பித் தரலாம்."

ஒண்டாசின் சீட்டை எடுத்து லாரியின் முன்மூடியில் விரித்தான். அவனுடைய பேனா குளிரில் எழுதவில்லை. கல்லில் குறியிடும் மெழுகுப் பென்சிலைக் கைரொல்லா நீட்டினான். 'ஒரு பலகை, பயணத்தில் விரிசல்' என்று பெரிய எழுத்தில் எழுதி ஒப்பமிட்டான். நானும் இட்டேன். பிறகு மீதிப் பவுர்சாக்கைத் துணியில் கட்டிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டான்.

மாலையில் சாபிர் வந்து சீட்டின் நகலைப் படித்தார்.

"டீ ஊத்துனியா?"

"ஊத்துனேன்."

"தண்ணிக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"முன்னாடி. கையெழுத்தும் முன்னாடி போட்டேன்."

நகலை மடித்து என்னிடமே தந்தார்.

"அல்மாட்டிக்காரன்கிட்ட வேற மெஷின் பாத்துக்கச் சொல்றேன்," என்றார். தேநீர் குடிக்காமல் போனார்.

மாற்றுப் பலகை ஏப்ரலில் வந்தது. ஓட்டுநர் புதியவன். ஒண்டாசினைப் பற்றிக் கேட்டேன். இப்போது வண்டி ஓட்டுவதில்லை என்றான். முற்றத்தில் நிறுத்தச் சொன்னேன். கைரொல்லா வாளியைத் தூக்கினான்.

"எல்லையிலேருந்து வர்றேன்," என்று புது ஓட்டுநர் கைரொல்லாவிடம் முணுமுணுத்தது எனக்குக் கேட்டது. "ஒரு ரொட்டித் துண்டுக்குக் கூடக் கூப்பிடல. இந்தம்மாவுக்கு மரியாதையே தெரியாதா?"

"தெரியாது," என்றான் கைரொல்லா.

நான் கல் காய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.