கரடி வராத செவ்வாய்க்கிழமை

சரவணம்பட்டியில் இருந்த அந்த மென்பொருள் கம்பெனியில், நிரல் எழுதும் முறைகளான டிசைன் பேட்டர்ன்களைக் கதையாகச் சொல்லித்தான் பழக்குவார்கள். சொன்ன கதை அன்றைக்கே பலித்துவிடும். அதனால் ராஜா, பூதம், பேசும் கரடி என்று ஊரில் இல்லாதவர்களை மட்டுமே கதைக்குள் விடுவது வழக்கம். போன மாதக் கரடி இன்னமும் கேன்டீன் வரிசையில் நிற்கிறது, பாவம்.

செவ்வாய்க்கிழமை பாடம் எடுத்த அற்புதராணி மேடத்துக்குக் கரடி வாயில் வரவில்லை. சிங்கிள்டன் பாடம். "அம்மான்னு வெச்சுக்கோங்க. முதல்ல ஒருத்தர் கூப்பிடறப்ப உண்டாவாங்க. அப்புறம் யார் கூப்பிட்டாலும் அதே ஆள்தான் வருவாங்க, இன்னொண்ணு உண்டாகாது" என்று சொல்லிவிட்டார். பயிற்சிக்கு வந்த பதினொரு பேரும் நோட்டில் எழுதிக்கொண்டார்கள்.

மதியம் அவர்களில் முதலில் வீட்டுக்குப் போன் போட்டவன் கிருபாகரன். பொற்கொடி ஐந்து நிமிடம் பிந்திவிட்டாள். அவள் வீட்டு எண்ணிலும் கிருபாகரனின் அம்மாதான் எடுத்தார்.

"இப்பத்தான் கிருபாகிட்ட பேசுனேன். நீயும் சாப்பிடு கண்ணு."

நல்ல மனுஷிதான். ஆனால் காலையில் சண்டை போட்டுவிட்டு, டிபன் பாக்ஸை மேசையிலேயே விட்டு வந்தவள் பொற்கொடி. மன்னிப்புக் கேட்க அவளுக்குத் தன் அம்மாதான் வேண்டும். மேடத்திடம் போனாள்.

"எங்கம்மா வேணுங்க மேடம்."

"சிங்கிள்டன்ல ரெண்டாவது கிடையாதும்மா. வேணும்னா ப்ராக்ஸி கதை சொல்றேன். ஒருத்தர் இடத்துல இன்னொருத்தர் நின்னு, கூப்பிட்டா அவங்களாட்டமே பதில் சொல்றது. அவங்களை நல்லாத் தெரிஞ்ச ஆள் யாராவது இருக்காங்களா?"

பொற்கொடி கொஞ்சம் யோசித்தாள். "நானே நின்னுக்கறேனுங்க."

மேடம் கதையை இரண்டே வரியில் முடித்தார்.

ஆறு மணிக்கு அவள் வீட்டுக்குள் நுழைந்தபோது, அப்பா பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல், "சரசு, காப்பி" என்று அம்மா பேரைச் சொல்லிக் கேட்டார். சர்க்கரை டப்பா எங்கே என்று அவள் கை தேடவில்லை. புடவை எப்போது கட்டினோம் என்பது மட்டும் நினைவில்லை. டிபன் பாக்ஸ் மேசை மேலேயே இருந்தது.

அழைப்பு மணி அடித்தது. புடவையோடு அவள் போய்க் கதவைத் திறந்தாள்; வாசலிலும் பொற்கொடிதான் நின்றிருந்தாள். கம்பெனி அட்டை கழுத்தில் தொங்கியது, கண் சிவந்திருந்தது.

"காலைல கோவத்துல பேசிட்டேம்மா."

"அதுக்கென்ன கண்ணு. கை கழுவிட்டு வா" என்று அம்மாவாட்டமே சொல்லி, புடவையில் இருந்தவள் டிபன் பாக்ஸின் மூடியைத் திறந்தாள். சாதம் இன்னும் சூடாக இருந்தது.