விரிசலும் ஒட்டடைக் கம்பும்

தடால்!

கூடத்து மேசை மீது முறம் அகலத்துக்குக் காரை பெயர்ந்து விழுந்தது. பாதி முகத்தில் சவர நுரையோடு ஓடி வந்தார் கணவர்.

"பார்த்தீங்களா? இனிமே இந்த வீட்டுல மனுஷன் இருக்க முடியுமா?" என்றாள் மனைவி.

"அம்பது வருஷ வீடு, அசையாது. நீ சும்மா பயமுறுத்தாதே."

வாக்குவாதம் ஓர் ஒப்பந்தத்தில் முடிந்தது. இன்ஜினியர் வந்து பார்க்கட்டும். ஆபத்து என்றால், மகள் வீட்டுப் பக்கத்தில் காலியாக இருக்கும் தரைத்தள வீட்டுக்குப் போய்விடுவது. இல்லையென்றால் இருபத்திரண்டு படி ஏறும் இந்த மாடிதான், மறுபேச்சு கூடாது.

மாலையில் வந்த இன்ஜினியர் பெண் மளமளவென்று ஏணியில் ஏறினாள். கூரையில் ஓடிய விரிசலுக்குள் டார்ச் அடித்தாள்.

"முடி மாதிரி மெல்லிசு. உள்ளே பழைய பெயிண்ட் இறங்கியிருக்கு. அப்போ பெயிண்ட் அடிக்கிறதுக்கு முன்னாடியே வந்த விரிசல். துருக்கறை இல்லை, தொய்வும் இல்லை. தட்டிப் பார்த்துடலாம். நீளமா ஏதாவது கம்பு இருக்கா?"

கணவர் ஒட்டடைக் கம்பை நீட்டினார்.

"ஐயோ, அது அழுக்கு! வேற தர்றேன்," என்று மனைவி குறுக்கே வருவதற்குள் அது கைமாறிவிட்டது.

காரை விழுந்த இடத்தைச் சுற்றி மட்டும் 'பொத், பொத்'. மற்ற இடமெல்லாம் 'ணங், ணங்'.

"பூச்சுதான் விட்டிருக்கு சார். கூரை கல்லு மாதிரி இருக்கு. கொத்திட்டுப் புதுசாப் பூசுங்க, இன்னும் முப்பது வருஷம் தாங்கும்."

"கேட்டியா?" கணவரின் முகமெல்லாம் பல்.

இறங்கப் போன இன்ஜினியர் நின்றாள். கம்பின் நுனியில் சுண்ணாம்புப் பொடி அப்பியிருந்தது. காரை விழுந்த ஓரமெங்கும் காசளவுக் குழிகள். ஒரு குழியில் நுனியை வைத்தாள். மூடி போட்டது போலப் பொருந்தியது.

"சார், இது தானா விழலை. யாரோ திரும்பத் திரும்பக் குத்தியிருக்காங்க."

கணவர் திரும்பினார். மனைவி தலையைக் குனியவில்லை.

"நான்தான் குத்தினேன். காரை விழுந்த சத்தத்துக்குப் பாதி சவரத்துல ஓடி வந்தீங்களே, போன வாரம் நான் படியில விழுந்தப்போ, 'என்னடி உருட்டுறே'ன்னு பேப்பருக்குள்ளேருந்துதானே கேட்டீங்க?"